பனியனிலிருந்து எடுத்த உப்பு

அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையில் நூற்று அறுபது பேருக்குச் சமைப்பவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். மேலாளரும் அக்கா என்பார், ஓய்வுபெற இரண்டே வருடம் பாக்கியிருந்த எலெக்ட்ரீஷியனும் அக்கா என்பார். "நான் பொறந்தப்ப நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுத் திரிஞ்ச ஆளு. நான் உனக்கு அக்காவா?" என்று கேட்டபடியே அவர் தட்டில் இன்னொரு முட்டையை வைப்பது அக்காவின் வழக்கம்.

பத்தொன்பது வயதில் பாத்திரம் கழுவ வந்தவர். தம்பி படிக்க வேண்டும் என்று சொல்லி இவர் படிப்பை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அந்தத் தம்பி அதே ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை தோற்று, கடைசியில் அக்கா வேலை பார்த்த தொழிற்சாலைக்கே ஊதுகுழல் பிடிக்க வந்து சேர்ந்தான். பெண்ணின் படிப்பைப் பிடுங்கி ஆணுக்குக் கொடுக்கும் கணக்கு இப்படித்தான் பெரும்பாலும் இரண்டு பக்கமும் நஷ்டத்தில் முடிகிறது. அக்கா மட்டும் படிப்பதை விடவில்லை. மளிகை சுற்றி வந்த தாள், இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த சீட்டு, தீயணைப்பு உருளையில் ஒட்டிய விதிமுறை, எதுவானாலும் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

கேன்டீனிலிருந்து எண்பதடி தள்ளி உலைக்கூடம். உள்ளே நுழைந்தால் முதலில் கண் இமை உலர்வது தெரியும். நாற்பது பேர் உலையின் வாய்களுக்கு முன்னால் நின்று, இரும்புக் குழலின் நுனியில் கண்ணாடிக் குழம்பைச் சுருட்டி எடுத்து, ஊதி, மருந்துக் குப்பியாகவும் விளக்குக் கூடாகவும் ஆக்குவார்கள். ஷிப்ட் முடியும்போது ஒவ்வொருவர் பனியன் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடியிருக்கும். உப்பும் எலுமிச்சையும் கரைத்த தண்ணீரை நாளுக்கு நான்கு முறை, இரண்டு பெரிய கேன்களில் அக்கா அங்கே அனுப்பிவந்தார். பதினாறு வருடமாக. யாரும் உத்தரவு போடவில்லை. வெறும் தண்ணீரையே குடித்தவர்களுக்குக் கெண்டைக்கால் சுருட்டிக்கொள்வதைப் பார்த்தார், உப்பைப் போட்டுப் பார்த்தார், சுருட்டல் நின்றது. விஞ்ஞானம் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் கரண்டி பிடித்தவள் செய்தால் அதற்குக் கைப்பக்குவம் என்று பெயர்.

தொழிற்சாலைக்கு நூற்றிருபதாவது ஆண்டு வந்தது. வாசலில் சிலையாக நிற்கும் நிறுவனரைத் தொழிலாளிகள் சிலைத் தாத்தா என்பார்கள். அவரும் உலை முன்னால் குழல் பிடித்தவர்தான். பிறகு சொந்தமாக உலை கட்டினார், தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு ஒன்றை நலன் அதிகாரி பழைய அலமாரியிலிருந்து கண்டெடுத்தார். அந்த அதிகாரி எந்நேரமும் சின்ன டப்பாவில் வெள்ளரித் துண்டு வைத்துக் கொறிப்பவர், அதனால் உலைக்கூடத்தில் அவர் பெயர் வெள்ளரிக்காய். கெட்டவர் இல்லை. ஒரு விஷயத்தை நல்லது என்று நம்பிவிட்டால் அதை ஊருக்கே ஊட்டாமல் தூங்கமாட்டார். அந்த வகை ஆள் கெட்டவரைவிட ஆபத்து.

நாட்குறிப்பைச் சிறு புத்தகமாக அச்சடித்து ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுத்தார்கள். கேன்டீன் சுவரில் ஆளுயரப் பலகை வந்தது. 'நிறுவனர் வழியில் நலவாழ்வு' என்று தலைப்பு. கீழே அவருடைய சொந்த வாக்கியங்கள்: உப்பில்லாமல் வேகவைத்த காய் உண்டேன். மாலை ஆறு மணிக்குப் பின் எதுவும் உண்ணவில்லை. உட்கார்ந்து, மெதுவாக மென்றேன். பழம் ஒன்று போதும்.

மாமனிதர்களைப் பின்பற்றுவதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் செய்த கஷ்டமான காரியங்களை விட்டுவிட்டு, அவர்கள் தின்றதைத் தின்றால் போதும் என்று முடிவு செய்துகொள்ளலாம். அந்த நிறுவனர் உலைக்காரர்களின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்பதாகக் குறைத்தவர். அதை யாரும் பலகையில் எழுதவில்லை. ஆர்டர் குவியும் மாதங்களில் அது மறுபடி பன்னிரண்டாகியிருந்தது.

நூற்றிருபதாவது ஆண்டு விழாவை ஒட்டி, நாற்பது நாளுக்குக் கேன்டீனில் நிறுவனர் சாப்பாடு மட்டுமே என்று உத்தரவு. மேசைகளிலிருந்த உப்புக் கிண்ணங்களை எடுத்துவிட்டார்கள். அடுக்களையிலிருந்த உப்பு டின் ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. உலைக்கூடத்துக்குப் போகும் கேன்களில் வெறும் தண்ணீர்.

முதல் நாள் வரிசையில் சிரிப்பு.

"அக்கா, இது காயா? இல்ல காய் குளிச்ச தண்ணியா?"

"மென்னு பாருய்யா, உனக்குள்ள ஒரு தாத்தா முழிச்சுக்குவாரு."

"தாத்தா முழிக்கிறது இருக்கட்டும், எனக்குக் கண்ணு சொருகுதே!"

நான்காம் நாள் சிலர் வீட்டிலிருந்து உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்கள். அது வெள்ளரிக்காயின் காதுக்கு எட்டியது. மறுநாளிலிருந்து வாசலில் காவலாளி சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்தார். கஞ்சா தேடுவதுபோல் உப்பைத் தேடினார்கள். ஒருவர் பையிலிருந்து பிடுங்கிய பொட்டலத்தை முகர்ந்து பார்த்த காவலாளி, "இது வாசனையே வரலியே, என்னான்னு எழுதுறது?" என்று திணறியது இரண்டு நாளைக்கு நகைச்சுவையாக ஓடியது.

ஏழாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. தம்பி குழல் நுனியில் குழம்பை எடுத்துத் திரும்பியபோது அவன் வலது கை விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. குழல் சாய்ந்தது. சிவந்த கண்ணாடி, பக்கத்தில் நின்றவரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து தரையைச் சுட்டது. தம்பி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்று மட்டும் அப்படி நான்கு பேர். அதில் ஒருவருக்கு வயிற்றுத் தசையே முறுக்கிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரில் போட்டு முதலுதவி அறைக்குத் தூக்கிப்போனார்கள்.

அக்கா கையைத் துடைக்காமலே ஓடினார். நர்ஸம்மா உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் தம்பியின் விரல்கள் தளர்ந்தன.

"நீங்க இத மேல சொல்லலியா?" என்று அக்கா கேட்டார்.

"எழுதிக் குடுத்தேன்க்கா. 'உடம்பு பழகுற காலத்துல அப்படித்தான் இருக்கும், நச்சு வெளியேறுது'ன்னு நலன் அதிகாரி திருப்பி எழுதி அனுப்பிட்டாரு."

"நச்சா? உப்பு நச்சுன்னா இப்ப எதக் கரைச்சு ஊத்துனீங்க?"

நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினார்.

அன்று மத்தியானமே அக்கா ஸ்டோர் கீப்பரிடம் போய் நின்றார். அவர் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு இப்ப டீ குடிக்கப் போகணும். நான் பார்க்கல" என்றார். உப்பு டின் வெளியே வந்தது. உலைக்கூடத்துக்குக் கேன்களில் பழையபடி உப்பும் எலுமிச்சையும் கரைத்த தண்ணீர் போனது. அக்கா ஒளித்து அனுப்பவில்லை. கேனின் மேல் பெரிதாக 'உப்பு கலந்தது' என்று எழுதி அனுப்பினார்.

எழுத்து இருந்தால் பிரச்சினை வரும். வெள்ளரிக்காய் அடுக்களைக்குள் வந்தார்.

"என்னக்கா இது? நூத்தி அறுவது பேர் ஆரோக்கியத்துக்காக நான் நாயா அலையறேன், நீங்க ஒரு டின்ன வச்சு எல்லாத்தையும் கெடுக்கிறீங்க. நிறுவனர் உப்பில்லாமத்தான் தொண்ணூத்தோரு வயசு வாழ்ந்தாரு."

"எந்த வயசுல உப்ப விட்டாரு சார்?"

"அது... வாழ்க்கை முழுக்க ஒழுக்கமா இருந்தவர்."

"உங்க புஸ்தகத்த நீங்களே படிக்கலியா?"

அக்கா ரொட்டி மாவு படிந்த கையால் ஏப்ரன் பையிலிருந்து அந்த இலவசப் புத்தகத்தை எடுத்தார். நூற்று அறுபது பேர் அதை வாங்கினார்கள். சிலர் மேசைக் காலுக்கு அண்டக் கொடுத்தார்கள், சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரியில் வைத்தார்கள். படித்தவர் அக்கா ஒருவர்தான். போற்றிய புத்தகத்தைத் திறக்காமல் வைப்பதுதானே நம் வழக்கம்.

"மொதப் பக்கத்துல தேதி போட்டிருக்கு. அப்ப அவருக்கு எண்பத்தஞ்சு. ரெண்டாம் பக்கத்துல ரெண்டு காலும் வீங்கியிருக்கு, டாக்டர் உப்ப நிறுத்தச் சொல்றாரு. பலகையில இருக்கிற உங்க வாக்கியம் பதினோராம் பக்கம். இருங்க, படிக்கிறேன்: 'உப்பில்லாமல் வேகவைத்த காய் உண்டேன், இதை உண்பதைவிட என்னையே வேகவைத்துவிடலாம்.' நீங்க பாதியோட நிறுத்திட்டீங்க."

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தியின் தோள் குலுங்கியது.

"பதினாலாம் பக்கம்: 'உலைக்கூடத்துக்குப் போனேன். ஆட்கள் வெங்காயம் போட்ட சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசனைக்காக வெகுநேரம் நின்றேன்.' பாவம் சார் அந்த மனுஷன். நாக்கு செத்துப்போய் எழுதின பொலம்பல நீங்க வேதமாக்கிட்டீங்க."

"பெரியவங்க எழுத்தத் திரிக்காதீங்க அக்கா."

"முழுசாப் படிச்சா திரிக்கிறதா?"

அவர் வெள்ளரி டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலை ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் உப்பைப் பயன்படுத்துவதை நிறுத்தி, மன்னிப்புக் கடிதமும் தராவிட்டால் வேலை இல்லை. இருபத்தாறு வருட வேலை. வீட்டில் ஓய்வு ஊதியம் இல்லாத கணவர், டிரைவிங் பள்ளிக்கு அலைந்துகொண்டிருந்த மகள். கடிதத்தை அக்கா தேதி, கையெழுத்து, முத்திரை வரை படித்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், உன் பனியனக் கழட்டு."

"இங்கியேவா? பொம்பளைங்க இருக்காங்கக்கா."

"உன் அழகப் பார்த்து ஒருத்தியும் மயங்க மாட்டா. கழட்டு."

ஐந்து உலைக்காரர்கள் ஷிப்ட் முடிந்து போட்டிருந்த பனியன்களைக் கொடுத்தார்கள். எலெக்ட்ரீஷியன் பேட்டரிகளுக்கு ஊற்றும் வடிநீர் இரண்டு கேன் கொண்டுவந்து வைத்தார். குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்பிருக்கிறது, நாளைக்கு அதைச் சாக்காகச் சொல்வார்கள் என்பது அக்காவின் யோசனை. ஐந்து பனியனையும் வடிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, துணியில் வடிகட்டி, அகலமான சட்டியில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். பக்கத்து அடுப்பில் இன்னொரு சட்டி. அதில் துவைத்து அலசி உலர்த்திய ஐந்து பனியனை, அதே அளவு வடிநீரில், அதே மாதிரி பிழிந்த தண்ணீர். துணியிலிருந்தே வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"இது என்னக்கா சூப்பு?" என்று கேட்டார் காய் நறுக்கும் பெண்களில் ஒருவர்.

"ஆம்பள சூப்பு. மூடி போடாத, மூக்கப் பொத்திக்க."

அடுக்களை முழுக்க நாறியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் சட்டி வற்றியது. அடியில் பழுப்புக் கலந்த வெள்ளைப் படிவு. சுரண்டி எடுத்தபோது மூன்று சிறு கரண்டிக்கு வந்தது. இரண்டாவது சட்டியில் விரலால் தேய்த்தால் ஒட்டும் அளவுக்கு ஏதோ ஒரு மங்கல், அவ்வளவுதான். தம்பி விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"நானாக்கா இது?"

"நீயும் இன்னும் நாலு பேரும். பனியன்ல தங்கினது மட்டும் இது. தரையில சொட்டினத யாரு அள்றது?"

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேலாளர் அறை. மேசையில் கண்ணாடி உருண்டைகள், சுவரில் சிலைத் தாத்தாவின் படம், ஏசி உறுமல். வெள்ளரிக்காய் கோப்போடு உட்கார்ந்திருந்தார். அக்காவை உட்காரச் சொல்லவில்லை. அக்கா தாமாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கடிதம் வைக்கவேண்டிய இடத்தில் அந்த இலவசப் புத்தகத்தையும் அதன் மேல் ஒரு தட்டையும் வைத்தார்.

"இது என்ன?" என்றார் மேலாளர்.

"அஞ்சு பேரோட ஒரு ஷிப்ட். வேர்வையில போன உப்பு. நம்பலன்னா நக்கிப் பாருங்க."

மேலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"கூச்சமா இருக்கில்ல? நாற்பது பேர் இதத் தினமும் உங்க உலை முன்னாடி விட்டுட்டுப் போறாங்க. போனத நான் திரும்ப வைக்கிறேன். சார் வெளிய எடுக்கிறார். தம்பி கையிலேருந்து விழுந்த கண்ணாடி ஒரு சாண் இந்தப்பக்கம் விழுந்திருந்தா இன்னிக்கு இந்தத் தட்டுல வேற ஒண்ணு இருந்திருக்கும்."

மேலாளர் தட்டையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்துகொள்வதும் ஒப்புக்கொள்வதும் வேறு வேறு மாடிகளில் இருக்கும் அலுவலகம் அது.

"சரிக்கா. விழாவுக்கு இன்னும் மூணு வாரம்தான். வெளியூர்லேருந்து ஆளுங்க வராங்க. பலகை அப்படியே இருக்கட்டும். நீங்க ஒரு சின்ன மன்னிப்பு எழுதிக் குடுங்க. விழா முடிஞ்ச மறுநாளே உப்பு மேசைக்கு வந்துடும். என் பொறுப்பு."

"மூணு வாரத்துக்கு அவனுங்க வேர்க்காம இருக்கணும்னு உலைக்கு உத்தரவு போடுவீங்களா?"

"யார் மூஞ்சியும் கெடாம ஒரு வழி சொல்றேன்..."

"மூஞ்சி கெடட்டும் சார். கை கெட்டா திரும்ப வராது."

எழுந்து வந்துவிட்டார். மணி பதினொன்றரை. பன்னிரண்டரைக்கு முதல் வரிசை. அக்கா பருப்புச் சட்டியைத் திறந்தார், வழக்கமான அளவு உப்பைப் போட்டார், கலக்கினார். உருளைக்கிழங்கு, வெங்காய சூப், எதையும் விடவில்லை. காய் நறுக்கும் பெண்களிடம் மட்டும், "இதுல உங்க கை படலன்னு சொல்லிக்குங்க. போட்டது நான்" என்றார்.

"நாங்க என்ன, காய் குளிப்பாட்டவா வந்தோம்?" என்று அவர்களில் மூத்தவர் உப்பு டின்னைத் தன் பக்கம் இழுத்து, சூப்பில் இன்னொரு சிட்டிகை போட்டார்.

வரிசை நகர ஆரம்பித்தபோது வெள்ளரிக்காய் பணிநீக்கக் கடிதத்தோடு வந்தார். பரிமாறும் சன்னலுக்கு இந்தப்பக்கம் அவர், அந்தப்பக்கம் அக்கா, நடுவில் தட்டேந்திய நாற்பது உலைக்காரர்கள்.

"வாங்கிக்குங்க அக்கா."

"கை ஈரம். அங்க வைங்க. இவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்."

"இப்பவே பரிமாறுறத நிறுத்தணும்னு உத்தரவு."

அக்கா கரண்டியைத் தூக்கி அடுத்த தட்டில் பருப்பை ஊற்றினார். அடுத்தது. அதற்கடுத்தது. யாரும் கோஷம் போடவில்லை. நூற்று அறுபது பேர் மென்று சாப்பிடும் சத்தம் மட்டும் அந்தத் தகரக் கூரையின் கீழ் கேட்டது. கடைசித் தட்டு கழுவ வந்த பிறகு அக்கா கையைத் துடைத்து, கடிதத்தை வாங்கி, கடைசி வரிவரை படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் நறுக்கும் பெண்கள் மூவரும் சமைத்தார்கள். உப்போடு. அவர்களையும் அனுப்பிவிட்டு வெளியிலிருந்து ஒரு சமையல்காரரை வரவழைத்தார்கள். அவர் வந்ததும் உலைக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், வேர்த்துக்கொண்டு திரும்பினார், "உப்பு எங்கய்யா?" என்றார். உலைக்காரர்கள் வேலைநிறுத்தம் எதுவும் அறிவிக்கவில்லை. ஆனால் உப்புத் தண்ணீர்க் கேன் வந்தால்தான் குழலைத் தொடுவோம் என்று சொல்லி, உப்பில்லாமல் உலை முன்னால் நிற்பது ஆபத்து என நர்ஸம்மா எழுதித் தந்த தாளைக் காட்டினார்கள். காயாத கையெழுத்தோடு இருந்தது அது. நர்ஸம்மாவும் உதட்டைப் பிதுக்குவதை நிறுத்திவிட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் மேலாளரே அக்காவின் வீட்டுக்கு வந்தார். படியேறிய மூச்சிரைப்போடு, "வந்துடுங்க. நாலு பேரும் வந்துடுங்க. உப்பு மேசையிலேயே இருக்கு" என்றார்.

"பலகை?"

"அதையும் எடுத்துடலாம்."

"எடுக்க வேணாம். மீதிய எழுதுங்க. அப்ப அவருக்கு என்ன வயசு, கால்ல என்ன வியாதி, காயத் தின்னுட்டு என்ன சொன்னார், எல்லாம். உட்கார்ந்து மெல்ல மென்னு சாப்பிட்டாரே, அது நல்ல பழக்கம், இருக்கட்டும். நம்ம ஆளுங்களுக்கு அதுக்கு நேரம் குடுங்க, இருபது நிமிஷத்துல எழுப்பி விரட்டாம. அப்புறம் வேலைய ஒன்பது மணி நேரமாக் குறைச்சாரே, அத மேல பெரிசா எழுதுங்க."

கடைசியைத் தவிர மற்றதற்கெல்லாம் மேலாளர் தலையாட்டினார். கடைசிக்கான சண்டை இன்னும் நடக்கிறது.

அக்கா திரும்பி வந்த அன்று சன்னலில் இரண்டு பானைகள் இருந்தன. ஒன்றில் உப்பு, இன்னொன்றில் மிகக் குறைவு. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்து, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு இரண்டாவது. தட்டை நீட்டியவர்களிடம் எல்லாம், என்ன வேலை, என்ன உடம்பு என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை முக்கினார். வரிசை வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது.

கடைசியாக வெள்ளரிக்காய் வந்தார். யாரோ விசிலடித்தார்கள். அக்கா அந்தப் பக்கம் முறைத்ததும் விசில் நின்றது.

"உங்களுக்கு எது சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது. எனக்குப் பிரஷர் இருக்கு. போன வருஷம் உப்பக் குறைச்சதுலதான் மனுஷனானேன். எல்லாருக்கும் அப்படி ஆகட்டும்னுதான்..."

 அக்கா இரண்டாவது பானையின் அடிவரை கரண்டியை விட்டு, காயாகப் பார்த்து எடுத்து, அவர் தட்டை நிறைத்தார்.

"அது உங்க மருந்து சார், விடாமச் சாப்பிடுங்க. அடுத்தவன் வாயில திணிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் அவன் பனியனப் பார்த்துட்டு வாங்க. ம், நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது."